நீங்கள் மண் கலர் உடுத்தி நடந்த காடு

அத்தைக்கு,

நேற்று மத்தியானம் அடித்த மழையில் மொட்டை மாடி ஒழுக ஆரம்பித்துவிட்டது. குடோனில் கிடந்த தார்ப்பாயை இழுத்துக்கொண்டு போய் விரித்தோம். உதறின உடனே ஒரு வாடை வந்தது. தாரும் துவரம்பருப்புத் தூசியும் மக்கிப்போன இலையும் சேர்ந்த வாடை. அன்றைக்கு நாம் காட்டுக்குக் கொண்டுபோன தார்ப்பாய் இது இல்லை. அது கிழிந்து எத்தனையோ காலமாகிவிட்டது. இருந்தாலும் வாடை அதேதான். நான் மழையில் நனைந்துகொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். கீழேயிருந்து கூப்பிட்டார்கள், கேட்காத மாதிரி இருந்துகொண்டேன். இது உங்களிடம் படித்த பழக்கம். வேண்டாத பேச்சு வந்தால் உங்களுக்கு என்றைக்குமே காது கேட்டதில்லை.

இதை யாரிடம் சொல்வது என்று பார்த்தால் உங்களை விட்டால் ஆளில்லை. உங்கள் மகனிடம் சொன்னால், 'நீயும் எங்கம்மாவும் சேர்ந்து அன்னைக்கு என்னைக் கொன்னிருப்பீக' என்று அந்தப் பழைய பாட்டையே பாடுவார். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

மாமா போன பிறகு பங்காளிகள் எல்லாம் வந்து, தேனி பஜாரில் இருந்த பலசரக்குக் கடையை விற்றுவிடு என்று சொன்னார்களாம். 'யோசிச்சுச் சொல்றேன்' என்று காப்பி கொடுத்து அனுப்பிவிட்டு, மறுநாள் காலையில் நீங்களே போய்க் கல்லாவில் உட்கார்ந்துவிட்டீர்கள். நான் மருமகளாக வந்தபோது பஜாரில் பாதிப்பேர் உங்களுக்குப் பயந்துகொண்டிருந்தார்கள். வெள்ளைச் சேலை, நெற்றி நிறையத் திருநீறு, லாரிக்காரனை அதட்டுகிற குரல். எனக்கும் முதல் வாரம் பயமாகத்தான் இருந்தது, இல்லை என்று பொய் சொல்ல மாட்டேன்.

கல்யாணமான இரண்டாம் மாதமே உங்கள் மகன் ஜாம்பியாவுக்குப் போய்விட்டார். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார் வேலை. எழுபதுகளில் நம் பக்கத்து வாத்தியார்கள் பலர் அப்படி ஆப்பிரிக்காவுக்குப் போனார்கள். ஓடைப்பட்டித் திராட்சைத் தோட்டத்தில் வளர்ந்த என்னை உங்கள் கையில் விட்டுவிட்டுப் போனார். எனக்கு வாய் நீளம் என்று கல்யாணத்துக்கு முன்பே யாரோ உங்கள் காதில் போட்டிருக்கிறார்கள். 'வாய் நீளமா இருந்தாத்தான் கடைக்கு ஆகும்' என்றீர்களாம். அந்த வருஷம் முழுக்க காலையில் உங்களோடு கடை திறப்பேன், பொழுது சாய உங்களோடு கடை அடைப்பேன். நடுவில் நாம் இரண்டு பேரும் போட்ட சண்டையைக் கேட்கவே எதிர்க் கடை ஜவுளிக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்காருவார்.

மறு வருஷம் அவர் லீவில் வந்தார். இந்தத் தடவை என்னையும் கூட்டிக்கொண்டு போவதென்று அங்கேயே எல்லாம் பேசி முடித்துவிட்டு வந்திருந்தார். எனக்கு உள்ளுக்குள் தலைகால் புரியவில்லை. கல்யாணமாகி ஒரு வருஷம், புருஷனோடு இருந்தது இரண்டே மாதம். நீங்களோ ஒரே வார்த்தையில் முடித்துவிட்டீர்கள்.

"அவ இங்கனயே இருக்கட்டும்."

ஏன் என்று கேட்டதற்கு நீங்கள் எடுத்து நீட்டியது அவரே அனுப்பியிருந்த ஒரு போட்டோவை. நடுக்காட்டில் ஒரு துணிக் கூடாரம், பக்கத்தில் அடுப்பு, அரைக்கால் சட்டையில் உங்கள் மகன், அவர் தோளுக்குப் பக்கத்தில் துப்பாக்கி பிடித்த ஒரு நெட்டை ஆள்.

"இந்தக் கூடாரத்துலயா இவளைக் கொண்டு போயி வைக்கப் போற?"

"அம்மா, எனக்கு அங்கன ஓட்டு வீடு இருக்கு. கரண்டு இருக்கு, பைப்புல தண்ணி வருது. இது லீவுல போனது. ஆத்தோரமா நாலஞ்சு நாள் காட்டுக்குள்ளயே நடக்கணும், அங்கங்க படுத்துக்கணும். வழி காட்ட ஆள் வருவாக, துப்பாக்கிக்காரர் துணைக்கு வருவாக. யானை, சிங்கம் எல்லாம் நம்ம காலால நடந்து போயிப் பாக்குறது."

"லீவு விட்டா மனுசன் வீட்டுல கெடப்பான். சிங்கத்தைப் போயி எவனாச்சும் நடந்து பாப்பானா?"

அவர் எத்தனையோ சொல்லிப் பார்த்தார். நீங்கள் போட்டோவையே திருப்பித் திருப்பிக் காட்டினீர்கள். கடைசியில் அவருக்கு ரோசம் வந்துவிட்டது. 'அங்கன நடந்த மாதிரியே நம்ம மலையில உன்னைக் கூட்டிட்டுப் போறேன். நாலு நாள். வந்து பாத்துட்டு அப்புறம் சொல்லு. வேணாம்னா நான் ஒருத்தனாவே போறேன்' என்றார். நீங்கள் எங்கே வரப்போகிறீர்கள் என்ற தைரியத்தில்தான் சொன்னார். 'சரி, வாறேன்' என்று நீங்கள் சொன்னதும் அவர் முகம் போன போக்கை நான் பார்த்தேன். கடையை நாலு நாள் சாத்திவிட்டு நீங்கள் காட்டுக்குப் போகிறீர்கள் என்று தெரிந்ததும் பஜாரே வந்து விசாரித்தது. 'மருமகளுக்காக ஒரு வேண்டுதல்' என்று வாய் கூசாமல் சொன்னீர்கள். எனக்குத்தான் பக்கென்றது. நான் போவதா, இங்கேயே இருப்பதா என்பது இனி அந்த நாலு நாள் நடையில் இருந்தது.

காட்டிலாகா ஆபீசில் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்கினார் உங்கள் மகன். வழி காட்டக் கோம்பையிலிருந்து மாயாண்டி வந்தார். மலைமாட்டுக் கிடையோடு வருஷத்தில் பாதி நாள் மேலேயே இருக்கிறவர். சுமை தூக்க அவருடைய மச்சினரும் கூட வந்தார். கோம்பை நாய் ஒன்றையும் கூட்டி வருவதாக மாயாண்டி சொன்னதற்கு உங்கள் மகன் வேண்டாம் என்றுவிட்டார். ஜாம்பியாக் காட்டில் அவர் பார்த்த சட்டமெல்லாம் இங்கேயும் வேண்டுமாம். வரிசையாக ஒருத்தர் பின்னால் ஒருத்தர் போக வேண்டும். பேசக் கூடாது. கை தூக்கினால் நிற்க வேண்டும். எது வந்தாலும் ஓடக் கூடாது. வெளிச்சம் இருக்கும்போதே ஓர் இடத்தில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, படுக்க வேறு இடத்துக்கு நடந்து போய்விட வேண்டும், சோற்று வாடைக்கு ஏதாவது வந்துவிடும் என்று. இதெல்லாம் சரி என்று தலையை ஆட்டிக்கொண்டே வந்தீர்கள். அப்புறம் வந்தது அந்தச் சட்டம்.

"வெள்ளை உடுத்தக் கூடாது. காட்டுல வெள்ளை தூரத்துலயே கண்ணுக்குத் தெரியும்."

சொன்ன பிறகுதான் தான் என்ன சொன்னோம் என்று அவருக்கே உறைத்தது. மாமா போனதிலிருந்து உங்கள் உடம்பில் வேறு கலர் பட்டதே கிடையாது. 'அம்மா, நீ வரவே வேணாம், விடு' என்று அவர் தழுதழுத்தார். நான் உள்ளே போய், தோட்டத்தில் வேலை செய்யும்போது உடுத்துகிற என்னுடைய மண் கலர் நூல் சேலையைக் கொண்டுவந்து உங்கள் மடியில் வைத்தேன். எங்கிருந்து எனக்கு அந்தத் துணிச்சல் வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை. நீங்கள் என்னை அறையப் போகிறீர்கள் என்றுதான் நினைத்தேன்.

"காடு தாண்டுற மட்டும்தான்" என்றீர்கள்.

ஓடைப்பட்டியில் எங்கள் அப்பா தோட்டத்திலிருந்து விடிந்ததும் கிளம்பினோம். திராட்சைப் பந்தல் மறைவில் சேலையை மாற்றிக்கொண்டு வந்தீர்கள். எங்கள் அம்மா உங்களைப் பார்த்துவிட்டுப் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள். அடிவாரத்துத் தரிசுக் கரம்பு தாண்டி, முள்ளுக் காடு தாண்டி, மலை ஏற ஆரம்பித்தோம். முன்னால் மாயாண்டி, அப்புறம் உங்கள் மகன், அப்புறம் நீங்கள், உங்கள் பின்னால் நான், கடைசியில் சுமையோடு மச்சினர்.

பேசாமல் நடப்பதாவது, நீங்களாவது. முதல் மேட்டில் புளி என்ன விலைக்குப் போகும் என்று சொன்னீர்கள். அவர் திரும்பி முறைத்தார். இரண்டாம் மேட்டில், அந்தச் சரிவில் நிற்கிறது கடுக்காய் மரம்தானே, ஏன் யாரும் பறித்து வந்து கடையில் போட மாட்டேன் என்கிறார்கள் என்று கேட்டீர்கள். அதற்கும் முறைத்தார். 'கண்ணு ரெண்டும் வெளிய வந்துறப் போகுது, முன்னால பாத்துப் போடா' என்றீர்கள். மாயாண்டி திரும்பாமலே தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டு போனார்.

அந்தச் சாம்பல் பை வேறு. காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்க்க, உங்கள் மகன் ஒரு சின்னத் துணிப் பையில் சாம்பல் கட்டி இடுப்பில் தொங்கவிட்டிருந்தார். பையை லேசாகத் தட்டினால் சாம்பல் பறக்கும், அது போகிற திசையைப் பார்த்து வழியை மாற்றுவார். அதுவும் ஆப்பிரிக்காவில் பார்த்ததுதான். நீங்கள் இரண்டாம் நாள் காலையில் குளித்துவிட்டு வந்து நேராக அந்தப் பையைப் பிரித்து, நெற்றியில் பட்டை போட்டுக்கொண்டு, எனக்கும் பூசிவிட்டீர்கள். 'அம்மா, அது அடுப்புச் சாம்பல்' என்றார். 'திருநீறு மட்டும் ஆகாசத்துலருந்தா வருது' என்று சொல்லிவிட்டு மாயாண்டிக்கும் ஒரு சிட்டிகை கொடுத்தீர்கள்.

அன்றைக்கு மத்தியானத்துக்கு மேல் உங்கள் வாய் தானாக அடங்கிவிட்டது. களைப்பில்லை, எனக்குத் தெரியும். ஒரு சரிவில் மாயாண்டி கை தூக்கினார். கீழே புல்வெளியில் காட்டுமாடுகள் நின்றன. கறுப்பு உடம்பு, முழங்காலுக்குக் கீழே மட்டும் வெள்ளைக் கால். ஒன்று தலையைத் தூக்கி நம் பக்கம் பார்த்தது. நாம் மூச்சுக் கூட விடவில்லை. அது மறுபடி குனிந்து மேய ஆரம்பித்தது. அவர் நடக்கலாம் என்று கை காட்டியும் நீங்கள் நகரவில்லை. உட்கார்ந்துவிட்டீர்கள். கடைசி மாடு சோலைக்குள் போகிற வரைக்கும் நாம் எல்லோரும் உங்களுக்காகக் காத்திருந்தோம். யாரும் உங்களை அவசரப்படுத்தவில்லை.

அதற்குப் பிறகு ஓடைக் கரையில் காலைத் தண்ணீரில் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தீர்கள். மேலே மரத்தில் கருமந்திகள் இலையைக் கடித்துக் கடித்துக் கீழே போட்டுக்கொண்டிருந்தன. மண் கலர் உங்களுக்கு அப்படி ஒரு பொருத்தமாக இருந்தது. 'நல்லா இருக்கு அத்தை' என்றேன். 'போடி' என்றீர்கள், ஆனால் முந்தானையை இழுத்துச் சரி செய்துகொண்டீர்கள்.

"நான் இம்புட்டு நாளும் ஒரு சோலி இல்லாம ஒரு தப்படி நடந்ததில்ல தெரியுமா? கோயிலுக்குப் போனாக்கூட வேண்டுதல்னு ஒன்னு இருக்கும். இப்பத்தான் சும்மா நடக்குறேன்."

அந்த நேரத்தில் கேட்டுவிட வேண்டும் என்று எனக்கு நாக்கின் நுனி வரைக்கும் வந்தது. போகச் சொல்வீர்களா, மாட்டீர்களா? ஆனால் உங்கள் முகம் அவ்வளவு நிம்மதியாக இருந்தது. அதைக் கெடுக்க எனக்கு மனசு வரவில்லை. படுக்கும்போது தார்ப்பாய்க்கு அடியில் நீங்கள் நடுவில், இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் உங்கள் மகன். அவரும் தூங்கவில்லை, நானும் தூங்கவில்லை. நீங்கள் மட்டும் படுத்ததும் குறட்டை விட்டீர்கள். எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

மூன்றாம் நாள் பொழுது சாய்கிற நேரத்தில் பெரிய பாறை ஒன்றின் மேல் தங்கினோம். கீழே ஓடையில் சமைத்துச் சாப்பிட்டுவிட்டு, பாத்திரமெல்லாம் கழுவிக்கொண்டு, ஒழுங்காக மேலே ஏறி வந்திருந்தோம். வழி நெடுக யானை லத்தி கிடந்தது, பழசுதான். 'இங்கன அவுக வரத்து உண்டு, ஆனா இப்ப அந்தப் பக்கம் இருக்காக' என்று மாயாண்டி சொன்னார். யானையை அவர் 'அவுக' என்றுதான் சொல்வார். நீங்கள் அதைக் கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். அப்புறம், 'ஒதுங்கிட்டு வாறேன்' என்று உங்கள் துணிப்பையோடு பாறைக்குக் கீழே போனீர்கள். வர ரொம்ப நேரமானது. வந்ததும் கையெல்லாம் ஈர மண். என்ன என்று கேட்டேன். உங்களுக்குக் காது கேட்கவில்லை.

விடிகிற வெளிச்சத்தில் நான் கண் விழித்தபோது மாயாண்டி பாறை விளிம்பில் குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையைக் கீழே பார்த்து அமுக்கிக் காட்டினார், அசையாதே என்று. உங்கள் மகன் படுத்தபடியே சாம்பல் பையைத் தட்டினார். சாம்பல் நம் முகத்தில் வந்து விழுந்தது. காற்று அந்தப் பக்கமிருந்து நம்மைப் பார்த்து வந்தது, நம் வாடை அங்கே போகாது. அவர் முகத்தில் கொஞ்சம் ரத்தம் திரும்பியது. நான் மெல்ல எட்டிப் பார்த்தேன்.

கல்லெறி தூரம் கூட இருக்காது. ஒரு பெண் யானை, அதன் வயிற்றை ஒட்டி ஒரு குட்டி. பின்னால் மூங்கில் முறிகிற சத்தம் கேட்டது, இன்னும் சிலது உள்ளே நின்றன. மரத்தடியில் நீங்கள் முந்தின சாயங்காலம் செய்துவைத்த வேலை அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஈர மண்ணில் பிடித்த ஒரு பிள்ளையார். தலையில் ஒரு காட்டுப் பூ. முன்னால் தேக்கு இலையில் மலைவாழைப்பழம், அவல், நம் கடையிலிருந்து எங்களுக்குத் தெரியாமல் நீங்கள் கட்டிக்கொண்டு வந்த மண்டை வெல்லம். சமைத்த இடம் விட்டு இடம் வந்து, பாத்திரம் கழுவி, இவ்வளவு சட்டம் பேசி வந்து படுத்தால், படுக்கைக்குப் பக்கத்திலேயே இலை போட்டு வைத்திருக்கிறீர்கள்.

யானை நிதானமாகச் சாப்பிட்டது. பழத்தைத் தோலோடு எடுத்தது. வெல்லத்தை வாய்க்குள் போட்டுக்கொண்டு கொஞ்ச நேரம் அப்படியே நின்றது. குட்டி இலையைத் தூக்கித் தன் தலையில் போட்டுக்கொண்டது, பிறகு ஒரே மிதியில் பிள்ளையாரைச் சப்பையாக்கிவிட்டது. திரும்பி உங்களைப் பார்த்தால், நீங்கள் எழுந்து உட்கார்ந்து கை கூப்பிக்கொண்டு, கண்ணில் தண்ணீர் வழிய, வாயைத் திறக்கிறீர்கள். உங்கள் வாயிலிருந்து வரப்போகிற சத்தம் எனக்குத் தெரியும். லாரிக்காரனை அதட்டுகிற அந்தக் குரலில் பிள்ளையாரைக் கூப்பிடப் போகிறீர்கள். என் கை தானாகப் போய் உங்கள் வாயைப் பொத்திவிட்டது. மாமியார் வாயைப் பொத்திய மருமகள் அந்தக் காலத்து மதுரை ஜில்லாவில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். நீங்கள் என் கையை விலக்கவில்லை. உங்கள் இரண்டு கையாலும் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டீர்கள். உங்கள் மூச்சு என் உள்ளங்கையில் சூடாகப் பட்டுக்கொண்டே இருந்தது.

யானைகள் போன பிறகும் வெகுநேரம் யாரும் அசையவில்லை. மாயாண்டி எழுந்து, 'சரி, அவுக போயிட்டாக' என்றார். அப்புறம்தான் உங்கள் மகன் வெடித்தார்.

"உனக்குக் கொஞ்சமாச்சும் அறிவிருக்காம்மா? சாப்பாட்டு வாடையே ஆகாதுன்னு தலையால அடிச்சுக்கிட்டேன். வெல்லத்தக் கொண்டாந்து வச்சிருக்க. அங்கன ஒருத்தன் இப்படிச் செஞ்சான்னா அடுத்த நிமிசமே திருப்பி அனுப்பிருவாக. இத்தனை பேர் உசுரு போயிருக்கும். கடையில உக்காந்து அதட்டுற மாதிரின்னு நெனைச்சியா காடு?"

நீங்கள் தலை குனிந்து உட்கார்ந்திருந்தீர்கள். அந்த ஒரு வருஷத்தில் நீங்கள் தலை குனிந்து நான் பார்த்ததே இல்லை. மண் கலர் சேலையில், முடி கலைந்து, யாரோ மாதிரி இருந்தீர்கள். எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ. நான் ஜாம்பியாவுக்குப் போக வேண்டியவள், அவரை அனுசரித்துப் போக வேண்டிய நேரம் அது, எதுவும் எனக்கு ஞாபகமில்லை.

"போதும், நிறுத்துங்க. தப்புத்தான், அவுக செஞ்சது பெரிய தப்புத்தான். அதுக்காக அம்மாகிட்ட இப்படியா பேசுவாக? அந்த ஊருல நீங்க துப்பாக்கிக்காரரைத் துணைக்கு வச்சு நடந்தீக. இங்கன அவுக வெல்லத்தை வச்சுட்டு நடந்தாக. ரெண்டு பேரும் பயந்துதான் செஞ்சீக. உங்க பயம் பெருசு, அவுக பயம் எளப்பமா?"

மாயாண்டியும் மச்சினரும் தார்ப்பாயை மடிப்பதில் ரொம்ப அக்கறையாக இருந்தார்கள். கெடுத்துக்கொண்டேன், எல்லாவற்றையும் நானே கெடுத்துக்கொண்டேன் என்று நினைத்தேன். புருஷனும் கூட்டிப் போக மாட்டார், மாமியாரும் விட மாட்டார். அப்போது நீங்கள் நிமிர்ந்தீர்கள். முகத்தைத் துடைத்தீர்கள். உங்கள் மகனைப் பார்த்துப் பேசினீர்கள், என்னைப் பார்க்கவில்லை.

"ஏலே, இவளைக் கூட்டிட்டுப் போ. அதட்ட ஆளில்லாம அங்கன நீ ரொம்பத்தான் கெட்டுப்போயிருக்க."

அவருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. இரண்டையும் செய்தார். உங்கள் காலுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, 'பயந்துட்டேம்மா' என்றார். 'நான் மட்டும் என்ன' என்று அவர் தலையில் ஒரு குட்டு வைத்தீர்கள். மச்சினர் அடுப்பு மூட்டிக் கருப்பட்டிக் காப்பி போட்டார். அவ்வளவு ருசியான காப்பியை நான் அப்புறம் குடித்ததில்லை.

கம்பம் பக்கமாக இறங்கினோம். கீழே வயலும் தென்னையும் பச்சைப் பசேலென்று தெரிய ஆரம்பித்த இடத்தில் ஆண்கள் மூன்று பேரும் முன்னால் போய்விட்டார்கள். நமக்கு மட்டும் பேச இடம் கிடைத்தது. நான் கேட்டேன், எனக்குத் தெரிந்தே ஆக வேண்டும் போல இருந்தது.

"ஏன் அத்தை முதல்ல வேணாம்னீக? சிங்கத்துக்குப் பயந்தா?"

"சிங்கமாவது. அங்கன ஓட்டு வீடுன்னு அவன் சொன்ன அன்னைக்கே நம்பிட்டேன்."

"அப்புறம் எதுக்கு அந்தப் போட்டோவ அப்படிப் புடிச்சுக்கிட்டுச் சண்டை போட்டீக?"

நான் முன்னால் நடந்துகொண்டிருந்தேன், நீங்கள் பின்னால். திரும்பிப் பார்க்க வேண்டாம் என்று எனக்கே தோன்றியது.

"அவன் போயி எனக்குப் பழகிப்போச்சுத்தா. நீ போனா பழகாது. அம்புட்டுத்தான். வேற ஒன்னுமில்ல."

அந்த ஒரு வருஷமும் நான் உங்கள் வீட்டில் காத்திருக்கிறேன் என்றுதான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை, அங்கே நான் வாழ்ந்துகொண்டிருந்தேன் என்று அந்த இறக்கத்தில்தான் புரிந்தது. போக வேண்டும் என்ற ஆசை குறையவில்லை, ஆனால் அன்றைக்கே என்னில் பாதியை அந்த மலையில் விட்டுவிட்டு இறங்கினேன். கரும்புத் தோட்டத்து மறைவில் மறுபடி வெள்ளை உடுத்திக்கொண்டு வந்தீர்கள். 'துவைச்சுத் தாறேன்' என்று மண் கலரை உங்கள் பையில் திணித்துக்கொண்டீர்கள். நீங்கள் அதைத் தரவும் இல்லை, நான் கேட்கவும் இல்லை.

நான் கிளம்பின அன்றைக்கு நீங்கள் பஸ் ஸ்டாண்டுக்கு வரவில்லை. கடையைத் திறந்து வைத்துக்கொண்டு, யாரோ சரக்குக்காரனிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தீர்கள். பஸ் பஜார் வழியாகத்தான் போனது. ஜன்னலில் நான் எட்டிப் பார்த்தபோது சண்டையை நிறுத்தாமலே கையை மட்டும் தூக்கிக் காட்டினீர்கள், மாயாண்டி நிற்கச் சொல்கிற மாதிரி.

ஜாம்பியாவில் அந்த ஆற்றுப் பள்ளத்தாக்கில் நானும் நடந்தேன் அத்தை. துப்பாக்கிக்காரர் முன்னால், வழிகாட்டி அடுத்து, நாங்கள் பின்னால், ஒரு பேச்சில்லாமல். அந்த ஊர்க் காட்டில் மறைவு கிடையாது. புல்லும் முள் மரமுமாக, எது வந்தாலும் தூரத்திலேயே தெரியும். சிங்கம் பார்த்தேன், நீங்கள் நினைத்த மாதிரி ஒன்றும் இல்லை, சோம்பேறி. யானைக் கூட்டம் ஆற்றைக் கடந்தபோது எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். என் வலது கை மட்டும் தானாக எழும்பிப் பக்கத்தில் எதையோ தேடியது. அங்கே உங்கள் வாய் இல்லை. அன்றைக்குக் கூடாரத்தில் உட்கார்ந்து நான் அழுததைப் பார்த்து, சிங்கத்துக்குப் பயந்துவிட்டேன் என்று வழிகாட்டி நினைத்துக்கொண்டு டீ போட்டுக் கொடுத்தார். நல்ல மனுஷன்.

எண்பதுகளின் ஆரம்பத்தில் திரும்பி வந்தோம். வந்த மறுநாளே கல்லாவில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து எனக்கு இடம் விட்டீர்கள். அதற்கப்புறம் எவ்வளவு சண்டை, எவ்வளவு சிரிப்பு. எதிர்க் கடை நாற்காலி மறுபடி வாசலுக்கு வந்தது. எனக்குக் கிடைத்ததெல்லாம் நல்லதாகத்தான் கிடைத்தது, குறை சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

நீங்கள் படுத்திருந்த கடைசி நாட்களில் ஒரு சாயங்காலம், நான் கஞ்சி கொடுத்துக்கொண்டிருந்தபோது, என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு சொன்னீர்கள். குரல் போய்விட்டிருந்தது, நான் குனிந்துதான் கேட்டேன்.

"நான் போனா ரெண்டு நாளு கஷ்டமா இருக்கும். அப்புறம் உனக்குப் பழகிரும்."

உங்கள் மகனுக்குப் பழகிவிட்டது. கடைக்குப் பழகிவிட்டது, பஜாருக்கும் பழகிவிட்டது. நீங்கள் எடை போட்டுச் சொன்னதெல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கிறது. இது ஒன்றில் மட்டும் தப்பாகச் சொல்லிவிட்டீர்கள் அத்தை. எனக்குப் பழகவில்லை. பழகவும் வேண்டாம் என்று இருக்கிறேன்.

உங்கள் மருமகள்